பாஷ்கிர் யார் வீட்டுப் பிள்ளை?

டால்ஸ்டாயின் ‘ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?’ கதையைப் படித்தவர்களுக்குப் பாஷ்கிர்களை ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது. ஆயிரம் ரூபிளைக் கீழே வை, காலையில் கிளம்பு, பொழுது சாய்வதற்குள் எவ்வளவு சுற்றி வருகிறாயோ அவ்வளவும் உனக்கு என்று சொல்லிவிட்டு, மேட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாரே, நரித்தோல் குல்லாய் போட்ட பெரியவர், அவர் ஒரு பாஷ்கிர். ஓடி ஓடிச் செத்த பஹோமுக்காக நாமெல்லாம் உச்சுக் கொட்டினோம். அந்தக் குல்லாய்க்காரர் யார், என்ன குலம், எங்கிருந்து வந்து அந்த மேட்டில் உட்கார்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

நாம் கேட்காததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கிரேக்கர், அரபியர், ஹங்கேரியர், மங்கோலியர், ரஷ்யர், கடைசியாகச் சோதனைக்குழாய் ஏந்திய மரபணுக்காரர்கள் என்று 2,400 வருஷமாக விசாரணை நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு தீர்ப்போடு ஊர் திரும்பினார்கள். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு, கிளம்பும்போதே அவர்கள் மூட்டையில் இருந்ததுதான்.

முதலில் விலாசம். வோல்கா ஆற்றுக்கும் யூரல் மலைக்கும் நடுவே, ஐரோப்பாவும் ஆசியாவும் முட்டிக்கொள்ளும் இடத்தில், ரஷ்யக் கூட்டமைப்புக்குள் பாஷ்கோர்தொஸ்தான் என்றொரு குடியரசு. தலைநகர் ஊஃபா. மக்கள் தொகை சுமார் 40 லட்சம். அதில் பாஷ்கிர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ரஷ்யர்கள் அவர்களைவிடக் கொஞ்சம் கூட, தாத்தார்கள் கொஞ்சம் குறைவு. ரஷ்யா முழுவதும் தேடிப் பிடித்தால் பாஷ்கிர்கள் 15 லட்சத்துக்கு மேல் தேறுவார்கள். மதம் சுன்னி இஸ்லாம். மொழி துருக்கியக் குடும்பம், கிப்சாக் கிளை. குடிப்பது குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸ். பெருமைப்படுவது காட்டுத் தேன். இதுவரை தகராறு இல்லை. ‘பூர்வீகம்?’ என்று கேட்டவுடன்தான் அறிஞர்கள் வேட்டியை மடித்துக் கட்டுகிறார்கள்.

விசாரணையைத் தொடங்கி வைத்தவர் ஹெரோடோடஸ். ஸ்கித்தியர் நாட்டுக்கு அப்பால், உயர்ந்த மலைகளின் அடிவாரத்தில், அர்கிப்பாயி என்றொரு கூட்டம் இருக்கிறதாம். ஆண், பெண் அத்தனை பேரும் பிறவி வழுக்கை. சப்பை மூக்கு, பெரிய தாடை. ஆளுக்கொரு மரத்தடியில் குடித்தனம். குளிர்காலத்தில் மரத்தைச் சுற்றி வெள்ளைக் கம்பளி கட்டிக்கொள்வார்கள். ஒரு பழச்சாற்றைத் துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள், அதற்குப் பெயர் ‘அஸ்கி’. ஆயுதம் கிடையாது. அக்கம்பக்கத்தார் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொள்ள இவர்களிடம்தான் வருவார்கள். இந்த வழுக்கைச் சாதுக்கள்தான் பாஷ்கிர்களின் மூதாதையர் என்று பிற்காலத்தில் சிலர் கிளம்பினார்கள். முக்கியச் சான்று, புளிப்பைக் குறிக்கும் ‘அச்சி’ என்ற துருக்கியச் சொல் அந்த அஸ்கி போல ஒலிக்கிறது என்பது. இரண்டாயிரம் வருஷப் பள்ளத்தை ஒரு கிண்ணம் புளித்த சாற்றை ஊற்றி நிரப்பிய சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஹெரோடோடஸ் மேல் குற்றமில்லை. அந்த நாட்டோடு பேச ஏழு மொழிகளும் ஏழு மொழிபெயர்ப்பாளர்களும் தேவைப்பட்டார்கள் என்று அவரே எழுதிவிட்டார். ஏழு வாய் மாறி வந்த செய்தியில் தலைமுடி உதிர்ந்திருப்பது பெரிய விஷயமில்லை.

நேரில் பார்த்து விரிவாக எழுதியவர் அஹ்மத் இபின் ஃபத்லான். பாக்தாத் கலீஃபா அல்-முக்ததிர் 921 ஜூனில் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். வோல்கா பல்கர்களின் அரசர் அல்மிஷ் இஸ்லாத்துக்கு வந்துவிட்டார், மார்க்கம் சொல்லித்தர ஆள் வேண்டும், கோட்டை கட்டக் காசு வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆள் அனுப்பப்பட்டது. காசு, வழியில் ஒரு பண்ணையின் வருமானத்திலிருந்து 4,000 தினார் வசூலித்துக்கொள்ளலாம் என்று காகிதத்தில் அனுப்பப்பட்டது. அது வசூலாகவேயில்லை. ஆக, கையில் கடிதமும் மனதில் பீதியுமாக ஒரு பாக்தாத்காரர் வடக்கே போகிறார். குளிரோ, இவர் கேள்விப்பட்டே இராத குளிர். குளித்துவிட்டு வெளியே வந்தால் தாடி பனிக்கட்டியாக உறைகிறது. நெருப்பருகே உட்கார்ந்து உருக்க வேண்டியிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அங்கிகளைப் போட்டுக்கொண்டதில் ஒட்டகத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால் அசைய முடியவில்லை. மனிதர் நல்ல மனநிலையில் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

922 வசந்தத்தில் அவர் பாஷ்கிர் நாட்டுக்குள் நுழைகிறார். துருக்கியரிலேயே மகா மோசமானவர்கள், மகா அழுக்கானவர்கள், கொலைக்கு அஞ்சாதவர்கள் என்று தீர்ப்பு எழுதுகிறார். ஒருவன் இன்னொருவனை வழியில் கண்டால் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு உடலை விட்டுவிட்டுப் போவானாம். அடுத்த குற்றச்சாட்டு, தாடியை மழித்துக்கொள்கிறார்கள் என்பது. தாடி உறைந்து அவதிப்பட்டவர் இதைக் குறையாக எழுதியிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்தக் குளிரில் மழித்தவன்தானே புத்திசாலி?

பிறகு வருகிறது பாஷ்கிர்களை ஆயிரம் வருஷம் துரத்திய அந்தப் பத்தி. சட்டைத் தையலைப் பிரித்துப் பார்த்து, சீலைப்பேனை எடுத்துப் பல்லில் கடித்துத் தின்கிறார்களாம். தூதுக்குழுவுக்கு ஊழியம் செய்த ஒரு பாஷ்கிர், இஸ்லாத்துக்கு மாறியவர்தான், ஒரு பேனைப் பிடித்து நகத்தில் நசுக்கி நக்கினார். இபின் ஃபத்லான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார். எனக்கென்னவோ அந்த ஊழியர் வேண்டுமென்றே செய்திருப்பார் என்று சந்தேகம். பார்த்தவுடன் முகம் சுளிக்கிற வெளியூர்க்காரரை மேலும் முகம் சுளிக்க வைப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

இன்னும் இருக்கிறது. ஆளுக்கொரு மரத்துண்டை ஆண்குறி வடிவில் செதுக்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பயணம் போகும்போதும் பகைவனை எதிர்கொள்ளும்போதும் முத்தமிட்டு வணங்குகிறார்கள். ஏனப்பா இதை, என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டிருக்கிறார். நான் இது போன்ற ஒன்றிலிருந்துதான் வந்தேன், என்னைப் படைத்தது வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை என்று பதில் வந்திருக்கிறது. பாஷ்கிர்களின் பூர்வீகம் பற்றி இதுவரை வந்த விளக்கங்களிலேயே யாராலும் மறுக்க முடியாதது இது ஒன்றுதான்.

சிலருக்குப் பன்னிரண்டு தெய்வங்கள். குளிர்காலம், கோடை, மழை, காற்று, மரம், மனிதர், குதிரை, தண்ணீர், இரவு, பகல், சாவு, பூமி என்று இலாகா பிரித்த அமைச்சரவை; எல்லோருக்கும் பெரியவர் வானத்தில் இருக்கிறார், மற்றவர்களோடு ஒத்துப்போகிறார். ஒரு கூட்டம் பாம்பை வணங்கியது, ஒன்று மீனை, இன்னொன்று நாரையை. நாரைக்கு மட்டும் காரணம் உண்டு. ஒரு போரில் இவர்கள் தோற்கும் நிலையில், பின்னாலிருந்து நாரைகள் கத்த, எதிரி மிரண்டு ஓடிவிட்டானாம். வென்று கொடுத்தவரைக் கும்பிடுவதில் என்ன தப்பு?

இத்தனை வசவிலும் ஆராய்ச்சியாளர்கள் ஒரு புதையலைக் கண்டார்கள். ‘துருக்கியரிலேயே மோசமானவர்கள்’ என்றால், துருக்கியர்தானே! 922இல் பாஷ்கிர்கள் துருக்கிய இனத்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் எங்கே கிடைக்கும்? திட்டு வாங்கியதே பிறப்புச் சான்றிதழாக ஆன இனம் உலகத்தில் அதிகம் இருக்காது. சுமார் 150 வருஷம் கழித்து, மஹ்மூத் அல்-காஷ்கரி துருக்கிய மொழிகளுக்கு ஓர் அகராதி தொகுத்தார். அதில் பாஷ்கிர்களையும் துருக்கியக் குலங்களில் ஒன்றாக எழுதி, அவர்கள் பேச்சு சுத்தமான துருக்கியத்துக்கு நெருங்கியது என்று மதிப்பெண்ணும் போட்டார். வழக்கு முடிந்தது என்று எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில், பின் வரிசையிலிருந்து ஹங்கேரிக்காரர் கை தூக்குகிறார்.

ஹங்கேரியர்களான மகியார்கள் ஐரோப்பாவின் நடுவே, கார்பேத்திய மலைகளுக்குள் குடியேறியது 895 வாக்கில். அதற்கு முன் யூரல் பக்கம் அலைந்தவர்கள். அரபு எழுத்தாளர்கள் பலருக்கு இந்த மகியாருக்கும் அந்தப் பாஷ்கிருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பேரையும் ‘பாஷ்கிர்த்’ என்றே எழுதி வைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் புவியியல் களஞ்சியம் எழுதிய யாகூத் அல்-ஹமவி, அலெப்போ நகரில் மார்க்கச் சட்டம் படிக்க வந்திருந்த செம்பட்டை முடிக்காரர்கள் சிலரைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டால், பாஷ்கிர்த் என்றார்கள். ஃபிராங்கியர் பக்கம், ஹங்கேரி அரசரின் கீழ் முப்பது ஊர்களில் முஸ்லிம்களாக வாழ்கிறோம் என்றார்கள். யாகூத் மகிழ்ந்து இதைக் குறித்துக்கொண்டு, அதே தலைப்பின் கீழ் இபின் ஃபத்லானின் பேன் பத்தியையும் சேர்த்து வைத்தார். ஹங்கேரியிலிருந்து ஒழுங்காகப் படிக்க வந்த பையன்களின் பெயர், ஆயிரக்கணக்கான கல் தொலைவில் யாரோ தின்ற பேனோடு ஒரே பக்கத்தில் ஏறியது இப்படித்தான்.

ஹங்கேரியர்களும் சும்மா இருக்கவில்லை. நம் முன்னோர் ஏழு தலைவர்களின் கீழ் கிழக்கிலிருந்து வந்தார்கள், கொஞ்சம் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள், அவர்கள் இன்னும் அஞ்ஞானிகளாகவே இருப்பார்கள், பாவம் என்று டொமினிக்கன் துறவிகளுக்குக் கவலை. 1235இல் நான்கு துறவிகள் கிளம்பினார்கள். அந்த வருஷம் அரியணை ஏறிய நான்காம் பேலா செலவுக்குக் கொடுத்தார். அஞ்ஞானி நாட்டில் உறுத்தாமல் இருக்கத் தாடியும் முடியும் வளர்த்துக்கொண்டார்கள். கான்ஸ்டான்டிநோபிள் வழியாகக் கருங்கடல் தாண்டி, காகஸஸ் அடிவாரத்தில் ஆலான்கள் நாட்டுக்கு வந்தபோது பணம் தீர்ந்துவிட்டது. மரக்கரண்டி செதுக்கி விற்றார்கள். கொஞ்சம் தினை கிடைத்தது. போதவில்லை. கடைசியில் ஒரு புனிதமான யோசனை உதித்தது. நாலு பேரில் இரண்டு பேரை அடிமைகளாக விற்று, அந்தக் காசில் மற்ற இருவரும் பயணத்தைத் தொடரலாம்! இருவரைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். விலை போகவில்லை. ஏர் உழவும் தெரியாது, மாவு அரைக்கவும் தெரியாது என்று வாங்க வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். படித்த படிப்புக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்பது 13ஆம் நூற்றாண்டிலேயே எழுத்துபூர்வமாகப் பதிவாகிவிட்டது.

விலை போகாத சரக்கு ஊருக்குத் திரும்பியது. மிச்சமிருந்த இருவரில் ஒருவர் வழியில் நோயில் இறந்தார். ஜூலியன் என்பவர் மட்டும் தனியாளாக, ஒரு முஸ்லிம் மார்க்கக் குருவுக்கு வேலைக்காரராகச் சேர்ந்து வோல்கா பல்கர் நாட்டை அடைந்தார். அங்கே ஒரு நகரத்தில் ஹங்கேரிய மொழி பேசும் பெண் ஒருத்தி. அந்தத் தொலைந்த நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். ராஜாவின் பணமும் துறவிகளின் ஜெபமும் கண்டுபிடிக்காத வழியை, பிறந்த வீட்டுக்குப் போகும் பாதையாகச் சாதாரணமாகக் கை காட்டினாள். இரண்டு நாள் நடை. பேராறு ஒன்றின் ஓரத்தில் போய்ச் சேர்ந்தார் ஜூலியன். அந்த மக்கள் வீடு வீடாக அவரை அழைத்துப் போனார்கள். பேசியது புரிந்தது, அவர் பேசியது அவர்களுக்கும் புரிந்தது. மேற்கே போன பங்காளிகளின் கதை அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்திருந்தது. எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் தெரியாது. குதிரை இறைச்சி, ஓநாய் இறைச்சி, குதிரைப்பால், ரத்தம் என்று விருந்து பலமாக இருந்திருக்கும்.

கூடவே ஒரு கெட்ட செய்தி. கிழக்கே மங்கோலியர்கள் நெருங்கிவிட்டார்கள். ஜூலியன் ஓட்டமாக ஊர் திரும்பிச் சொன்னார். 1237இல் மறுபடி போனபோது உறவினர் நாடு அழிந்துவிட்டது என்ற செய்திதான் எதிரே வந்தது. 1241இல் மங்கோலியர் ஹங்கேரிக்கே வந்து சேர்ந்தார்கள்.

அதன்பின் மங்கோலிய அரசவைக்குப் போன துறவிகள் கார்ப்பினியும் ருப்ருக்கும், பாஷ்கிர் நாடு என்பதே பெரிய ஹங்கேரி என்று எழுதினார்கள். பாஷ்கிர் பேச்சும் ஹங்கேரியப் பேச்சும் ஒன்றே என்று ருப்ருக் அடித்துச் சொன்னார். இரண்டு இனத்தையும் அடித்த மங்கோலியர்களோ, தங்கள் ‘ரகசிய வரலாறு’ நூலில் பாஷ்கிரைத் தனியாகவும் மகியாரைத் தனியாகவும் பட்டியல் போட்டார்கள். உதை கொடுத்தவனுக்கு எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கு சரியாக இருக்கும் என்பது என் கட்சி.

ஆனால் ஜூலியன் கண்டது கனவல்ல. இன்றும் பாஷ்கிர் குலங்களில் யுர்மாத்தி, யெனெய் என்று இரண்டு உண்டு. பழைய மகியார் குலங்களில் ஜியர்மாத், யெனோ என்று இரண்டு உண்டு. மகியார்கள் மேற்கே போனபோது தங்கிவிட்டவர்கள், தெற்கிலிருந்து வந்த துருக்கியரோடு கலந்து, மொழியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பதே நம்பத்தக்க விளக்கம். ராயில் குஸேயெவ் என்ற ஊஃபா அறிஞர் 1974இல் இதைப் பெரிய நூலாக விரித்தார். ஆரல் கடல், சிர் தாரியா ஆற்றுப் பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து துருக்கியக் குலங்கள் யூரலுக்கு வந்தன. அங்கே முன்பே இருந்த, மகியார்களின் மொழிக் கூட்டத்தாரான உக்ரியர்களையும் பிறரையும் சேர்த்துக்கொண்டன. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் கிப்சாக்குகள் வந்து கலந்து மொழிக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்கள். அவர் சக அறிஞர் மஜீத்தவோ, இவ்வளவு தூரம் நடக்க வைப்பானேன், தென் யூரலிலேயே உருவானவர்கள்தான் என்று வாதிட்டார்.

கிப்சாக் என்ற பெயரிலேயே பாஷ்கிர்களுக்குள் ஒரு குலம் இருக்கிறது. கத்தாய் என்றும் ஒன்று இருக்கிறது. வடசீனத்தை ஆண்ட கித்தான்களின் பெயர். இப்படி வந்தவர் போனவர் எல்லோரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டுக்கு ‘ஷெஜெரெ’ என்று பெயர். குலத்துக்கு ஒன்று, தலைமுறை தலைமுறையாக எழுதிச் சேர்த்த வம்சாவளி. உசெர்கன் குலத்து ஷெஜெரெயில் முய்தான் என்ற தலைவர் வெகுமதிகளோடு செங்கிஸ் கானிடம் போய் நிலமும் பட்டமும் வாங்கி வருகிறார். ஒவ்வொரு குலத்துக்கும் இன்ன மரம், இன்ன பறவை, இன்ன முத்திரை, இன்ன போர்க்கூச்சல் என்று செங்கிஸ் கானே ஒதுக்கிக் கொடுத்தார் என்பார்கள். ஜூலியனின் இரண்டாம் கடிதமோ, அந்தப் பக்கத்து மக்கள் 14 வருஷம் மங்கோலியரோடு மல்லுக்கட்டித்தான் வீழ்ந்தார்கள் என்கிறது. தோற்ற சண்டையைப் பட்டாவாக மாற்றி எழுதத் தனித் திறமை வேண்டும்.

ஹங்கேரியில் கதை வேறு திசையில் போனது. ஹங்கேரிய மொழிக்கு உண்மையான நெருங்கிய உறவு, சைபீரியாவின் ஓப் ஆற்றங்கரையில் மீன் பிடிக்கும் ஹன்ட்டி, மான்சி மக்களின் மொழிகள் என்று மொழியியலாளர்கள் நிரூபித்தபோது, 19ஆம் நூற்றாண்டுக் கனவான்களுக்குக் கோபம் வந்தது. மீன் நாற்றம் பிடித்த சொந்தம் எங்களுக்கு வேண்டாம், குதிரை ஏறிய துருக்கியர்தான் எங்கள் சொந்தம் என்றார்கள். வாம்பேரி போன்ற அறிஞர்கள் அந்தப் பக்கம் நின்று பெரிய மொழிப் போரே நடத்தினார்கள். மொழியில் தோற்றார்கள். ஆனால் ரத்தத்தில் ஒரு ஆறுதல் பரிசு காத்திருந்தது. ஹங்கேரியின் அர்ப்பாத் வம்சத்தில் சிதையாமல் கிடைத்த அரச கல்லறை மூன்றாம் பேலாவினுடையது, 1848இல் தோண்டியது. அவர் எலும்பின் தந்தைவழி மரபணுவை 2020இல் ஆராய்ந்து வெளியிட்டபோது, மிக நெருங்கிய உறவினர்கள் பாஷ்கோர்தொஸ்தானின் புர்ஜியான் வட்டாரத்துப் பாஷ்கிர்களிடையே கிடைத்தார்கள். கிளை பிரிந்து ஏறத்தாழ 2,000 வருஷம். ஜூலியனுக்குச் செலவு கொடுத்த நான்காம் பேலாவின் சொந்தத் தாத்தாதான் இந்த மூன்றாம் பேலா. துறவிகளைச் சந்தையில் ஏலம் போடுவதற்குப் பதிலாகத் தாத்தாவின் எலும்பையே கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

அதற்காகப் பாஷ்கிர்கள் எல்லோரும் ஹங்கேரிய ராஜாக்கள் என்று யாரும் துள்ள வேண்டாம். அதே மரபணுக்காரர்கள் வேறு சில பாஷ்கிர் குலங்களில், மேற்கு ஐரோப்பாவில் பெருகிக் கிடக்கும் ஆர்1பி வகையையும் கண்டு தலையைச் சொறிந்தார்கள். ஒவ்வொரு குலத்தைத் தொட்டாலும் ஒரு திசை காட்டுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர்களும் பங்குக்கு வந்தார்கள். கஸாக்குகள் பாஷ்கிரை ‘எஸ்தெக்’ என்றார்கள். அது ஹன்ட்டி மக்களுக்கு வழங்கிய ‘ஓஸ்தியாக்’ என்ற பெயரின் சாயல். ‘பாஷ்கோர்த்’ என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதை எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பிய்த்தார்கள். ‘பாஷ்’ தலை, அதில் சிக்கலில்லை. ‘கோர்த்’ சில துருக்கிய மொழிகளில் ஓநாய். ஆகவே தலைமை ஓநாய். யூரலுக்கு வழி காட்டியதே ஒரு ஓநாய் என்று கதையும் தயார். ஆனால் இன்றைய பாஷ்கிர் மொழியில் ‘கோர்த்’ புழு, தேனீ. ஓநாய்க்கு வேறு சொல். காட்டு மரப்பொந்தில் தேன் எடுக்கும் புர்ஜியான்காரர்களுக்குத் தேனீத் தலைவர் என்பது பொருந்தும்தான். சுவரொட்டியில் அச்சடிக்க ஓநாய்தான் எடுப்பாக இருக்கும் என்பதால் ஓநாயே முன்னணியில் இருக்கிறது.

தாத்தார்களின் கட்சி எளிமையானது: பாஷ்கிர் என்று தனியாக ஒன்றும் இல்லை, எங்கள் மொழியைக் கொஞ்சம் காற்றடித்துப் பேசுகிறவர்கள். இதில் பாதி உண்மை. தாத்தாரும் பாஷ்கிரும் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் புரிந்துவிடும். ஆனால் தாத்தார் ‘ச்ச’ போடுகிற இடத்தில் பாஷ்கிர் ‘ஸ’ போடுவார். தாத்தாரின் ‘ச்செய்’ பாஷ்கிர் வீட்டில் ‘ஸெய்’ ஆகிவிடும், இரண்டும் தேநீர்தான். சரி, அப்படியானால் தாத்தாரின் ‘ஸ’ எங்கே போகும்? அது ‘ஹ’ ஆகிவிட்டது. பாலுக்கு அவர் ‘ஸொத்’, இவர் ‘ஹொத்’. ஒரு எழுத்து நகர்ந்ததும் மற்றதெல்லாம் ஒவ்வொரு நாற்காலியாகத் தள்ளி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இதுபோக, நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டிச் சொல்லும் இரண்டு ஒலிகள் உண்டு. துருக்கிய உறவினரில் துர்க்மேனியரிடமும் அப்படியொரு பழக்கம் இருக்கிறது. இந்த ஒலிகளுக்கும் ஆளாளுக்கு அப்பன் தேடினார்கள்: உக்ரியர், ஈரானியர், தானாக வந்தது. பாஷ்கிரின் வடமேற்கு வட்டாரத்தில் போனால் இந்த வேறுபாடுகளில் பல கரைந்து, பேச்சு தாத்தாராகவே கேட்கும். அங்கே பேசுகிறவர் தன்னைப் பாஷ்கிர் என்பார். இரண்டு மாநிலங்களின் பேராசிரியர்களுக்கு ஆயுள் முழுவதும் வேலை உறுதி.

ரஷ்யர் வந்த பிறகு பூர்வீகத்துக்கு ரொக்க மதிப்பு வந்தது. 1552இல் தாத்தார்களின் கசான் விழுந்தது. 1557 வாக்கில் பாஷ்கிர்கள் ஜாரின் குடிகளானார்கள். 1574இல் ஊஃபாவில் கோட்டை. தாமாக முன்வந்து இணைந்தார்கள் என்று பின்னாளில் 400ஆவது ஆண்டுக்கு ஊஃபாவில் நட்புத் தூணே எழுப்பினார்கள். முன்வந்து இணைந்தவர்கள் 1662, 1681, 1704, 1735, 1755 என்று வரிசையாகக் கலகம் செய்து, 1773இல் கலகத் தலைவர்கள் புகச்சோவோடும் சலாவத் யுலாயெவோடும் சேர்ந்து மறுபடி கிளம்பியதைத் தூணில் எழுத இடம் போதவில்லை போலும்.

கலகத்தின் வேர் நிலம். பாஷ்கிர் என்றால் பரம்பரை நில உரிமை. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் பாஷ்கிர் என்பது இனமா, சலுகை பெற்ற வகுப்பா என்று அரசாங்கத்துக்கே குழப்பம். மிஷார், தெப்தியார் என்று பக்கத்தில் இருந்தவர்களும் அந்தக் கணக்கில் ஏறினார்கள். நிலம் கிடைக்கும் என்றால் கொள்ளுத் தாத்தா பாஷ்கிராகப் பிறந்திருப்பதில் யாருக்குத்தான் ஆட்சேபம்? பிற்கால எண்ணிக்கையிலும் இந்த வித்தை நடந்தது. 1989 கணக்கெடுப்பில் குடியரசில் தாத்தார்கள் 28 சதவீதம், பாஷ்கிர்கள் 22. 2002இல் பாஷ்கிர்கள் ஏறத்தாழ 30, தாத்தார்கள் 24. பதின்மூன்று வருஷத்தில் இவ்வளவு பிரசவம் நடக்க வழியில்லை. வீட்டுக் கதவைத் தட்டியவர் கையில் பேனா இருந்தது, அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் யாரும் நினைக்காத ஒரு வம்சத்தைச் சொன்னார்கள். நெப்போலியனை விரட்டிக்கொண்டு வில் அம்போடு வந்த பாஷ்கிர் குதிரைப்படைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘வடக்கத்தி மன்மதர்கள்’. அந்தக் கேலியை எழுதி வைத்த தளபதி மார்போவுக்கு 1813 லைப்சிக் சண்டையில் தொடையிலேயே ஒரு அம்பு பாய்ந்தது. அதையும் அவரே எழுதியிருக்கிறார். காதல் வரவில்லை.

இத்தனை பேரும் வெளியாட்கள். உள்ளேயிருந்து ஒருவர் இந்த விசாரணைக்கு வந்தார்: அஹ்மெத்ஸாகி வலீதி. 1890இல் ஒரு பாஷ்கிர் கிராமத்தில் பிறந்தவர். துருக்கிய வரலாற்றில் ஊறியவர். 1917 புரட்சிக் குழப்பத்தில் பாஷ்கிர் தன்னாட்சியை அறிவித்து, 1919 மார்ச் 20இல் லெனினின் அரசோடு ஒப்பந்தம் போட்டு, குடியரசை வாங்கினார். அடுத்த வருஷமே மாஸ்கோவோடு முறிந்தது. மத்திய ஆசியாவில் ஆயுதம் ஏந்திப் பார்த்து, 1923இல் ஈரானுக்குத் தப்பினார். நாடிழந்த தலைவர்கள் வழக்கமாக ஓட்டலில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவார்கள். இவர் மஷ்ஹத் நகரத்து நூலகத்துக்குப் போய்ப் பழைய ஏடுகளைப் புரட்டினார். அங்கே ஒரு தொகுப்புக்குள், அதுவரை துண்டு துணுக்குகளாகவே தெரிந்திருந்த இபின் ஃபத்லானின் பயண நூல், முடிவு மட்டும் இல்லாமல், விரிவான வடிவில் கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். தன் இனத்துக்கு நாடு கேட்டுப் போராடித் தோற்றவர் கையில், தன் இனத்தை உலகிலேயே அதிகமாகத் திட்டிய சாட்சி கிடைக்கிறது. அறையில் வேறு யாருக்கும் அதன் அருமை தெரியாது. இரண்டு தாள் காணாமல் போயிருந்தால் கேட்க ஆளில்லை.

அவர் துருக்கிக்குப் போய், ஸாகி வலீதி தோகன் ஆனார். அங்கே அப்போது ஓர் அரசுக் கொள்கை இருந்தது: மத்திய ஆசியாவில் இருந்த உள்நாட்டுக் கடல் வற்றியதால் துருக்கியர் உலகெங்கும் பரவி நாகரிகத்தை விதைத்தார்கள் என்று. 1932 வரலாற்று மாநாட்டில் தோகன் எழுந்து, வறட்சிக் கதைக்குச் சான்று இல்லை என்றார். மேடையிலிருந்தவர்கள் அவரைக் கிழித்தெடுத்தார்கள். வேலையை விட்டு வியன்னாவுக்குப் போனார். 1935இல் இபின் ஃபத்லானை வைத்தே முனைவர் பட்டம். 1939இல் லைப்சிக்கில் மூலமும் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் குறிப்புகளுமாக நூலை வெளியிட்டார். தலை வெட்டு, சீலைப்பேன், மரத்துண்டு எல்லாம் அதில் இருக்கின்றன. 2,400 வருஷத்தில் வந்த சாட்சிகளில் நான் முழுதாக நம்புவது இவர் ஒருவரைத்தான். 1970இல் இஸ்தான்புல்லில் இறந்தார். ஊஃபாவின் தேசிய நூலகத்துக்கு இன்று அவர் பெயர்.